சிவப்பு ஊறும் பத்து நிமிடம்

தகட்டின் மேல் சிவப்பு மையை அடித்து முடித்ததும் அந்தப் பெண் தன் செல்போனில் பத்து நிமிடத்தைக் குறித்து மேசை மேல் சாய்த்து நிறுத்தினாள். இனிமேல் பத்து நிமிஷத்துக்கு நமக்கு வேலையில்லை, விரிசல் இருந்தா மை தானா உள்ள ஊறும், என்றாள். வேலையில்லாமல் உட்காருவதற்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட விட்டுவிட்டு வந்தோம் என்று ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வந்ததே இந்த இடத்தைப் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான், பார்ப்போம், பத்து நிமிடம் போதும், வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். இலவச மாதிரி வகுப்பு என்று வரச்சொல்லிவிட்டு, பாதி நேரத்தை மை ஊறுகிறது என்ற பேரில் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கலாம், யார் கண்டது. துவாக்குடியில் டயர் கடைக்கு மேலே மாடி, கீழேயிருந்து ரப்பர் வாடையும் காற்றடிக்கிற இயந்திரத்தின் உறுமலும் படியேறி வருகின்றன, வகுப்பில் ஏழெட்டுப் பேர், அதில் பெண் இவள் ஒருத்திதான், பாடம் எடுக்கிறவளைச் சேர்க்காவிட்டால். பாடம் எடுக்கிறவள் பேர் ரிஸ்வானா. இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். நாற்பத்து மூன்று வயதில், ஐந்து வருடமாக இதே சிவப்பு மையை அடித்து இதே வெள்ளையை அடித்து வெல்டிங்குக்கு நல்லது கெட்டது சொல்லிக் கையெழுத்துப் போடுகிற ஜெசிந்தாவுக்கு இந்தக் குருவிக்குஞ்சு சொல்லித் தரப்போகிறதாம். வேறு வழியும் இல்லை. முப்பதாம் தேதியோடு அவளுடைய லெவல் டூ சான்றிதழின் ஆயுள் முடிகிறது, புதுப்பிக்க மறுபடி பரீட்சை எழுத வேண்டும், எழுதித் தேறாவிட்டால் அவள் கையெழுத்து செல்லாது, கையெழுத்து செல்லாத சோதனைக்காரிக்குப் பட்டறையில் என்ன வேலை, நாற்காலியைத் துடைக்கிற வேலைதான். மேனேஜர் போன வாரமே நாசூக்காகச் சொல்லிவிட்டார், வெளியே ஒரு பையன் இருக்கான் மேடம், சர்ட்டிபிகேட்டெல்லாம் பக்காவா வச்சிருக்கான் என்று.

பக்காவா வச்சிருக்கான். பக்காவாக வைத்திருக்கிறவன் எங்கே வாங்கினான் என்று யாராவது கேட்டார்களா? ஜெசிந்தா கேட்பாள். அவள் எதையும் கேட்பாள். சின்ன வயதில் மண்ணெண்ணெய் வரிசையில் அவளைத்தான் அம்மா அனுப்புவாள், அளக்கிறவன் நுரையோடு ஊற்றுகிறானா, நுரை அடங்கவிட்டு ஊற்றுகிறானா என்று பார்க்கத் தங்கச்சிக்குக் கண் போதாது என்று. அந்தக் கண் இன்னும் போகவில்லை. உனக்கு உன் நிழல் மேலயும் சந்தேகம் என்பான் அவள் புருஷன் லூர்து, சந்தேகப்படுகிறதற்குத்தானே எனக்குச் சம்பளம் என்பாள் இவள். அந்தக் கண்ணால்தான் இப்போது சுவரைப் பார்க்கிறாள். சுவர் முழுக்கக் குழுப் படங்கள், ஒவ்வொரு படத்திலும் பத்துப் பன்னிரண்டு பேர் சான்றிதழை மார்போடு பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறார்கள், நாலு படத்தில் ஒரே கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒரே ஓரத்தில் நிற்கிறான். ஒருத்தனே நாலு தடவை பாஸானானா, அல்லது ஒரே நாளில் ஆளை மாற்றி மாற்றி நிற்கவைத்து எடுத்துக்கொண்டார்களா? அப்புறம்தான் உறைத்தது, அது கீழே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆள். சரி, போகட்டும். ஆனால் அந்த ஆளும் சரியில்லை. கேட்காமலே சொன்னான், பத்துப் பேர் எழுதினா நாலு பேர் போயிடுவாங்க மேடம், இப்பவே சொல்லிடறேன் என்று. எந்தக் கடைக்காரன் தன் கத்தரிக்காயைச் சொத்தை என்று சொல்லி விற்பான்? இப்படி நேர்மையாகப் பேசுகிறவனிடம்தான் இரண்டு மடங்கு சூதானமாக இருக்க வேண்டும், நேர்மையையே ஒரு சரக்காக விற்கிறவன் இருக்கிறான். போனில் பார்த்தாள், இந்த இடத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் பதினேழு பேர், அதில் பதினொரு பேர் ஒரே வாரத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் பதினொரு பேருக்கு ஒரே நேரத்தில் நன்றி பொங்கிவிட்டதாக்கும்.

மேசை மேலிருந்த டப்பாக்களை எழுந்து போய்ப் பார்த்தாள். மை, கழுவுகிற கிளீனர், உள்ளே ஊறின மையை வெளியே கசியவைக்கிற வெள்ளை டெவலப்பர், மூன்று ஸ்ப்ரே டப்பா. மூன்றின் அடியையும் திருப்பித் தேதி பார்த்தாள். காலாவதியாகவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ரிஸ்வானா அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தேதி பாத்தீங்களாக்கா? நல்லது. யாரும் பாக்க மாட்டாங்க."

"சும்மா பாத்தேம்மா," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா வந்து உட்கார்ந்தாள். அம்மா என்று சொன்னது சரியா, மேடம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ, காசு கட்டிச் சேர்ந்தால் மேடம், சேராதவரைக்கும் அம்மாதான். நல்லது என்று அவள் சொன்னதில் ஒரு வாத்தியார்த்தனம் இருந்தது, அது பிடிக்கவில்லை. போனில் ஏழு நிமிடம் நாற்பது நொடி பாக்கி இருந்தது. பக்கத்து நாற்காலியில் பெரியநாயகம் என்ற மனுஷர், குழாய் காண்ட்ராக்டரிடம் இருபது வருடமாக சூப்பர்வைசர், வரும்போதே பேர், ஊர், சர்க்கரை அளவு எல்லாம் சொல்லிவிட்டவர், இப்போது இவள் பக்கம் சாய்ந்து குரலை இறக்கினார்.

"எதுக்கும்மா இந்த வம்பு? அஞ்சு நாள் உக்காரணுமாம், அப்புறம் ஃபெயில்னா மறுபடியும் உக்காரணுமாம். இன்னொரு இடம் இருக்கு, ஒரே நாள். கேள்வியெல்லாம் முதல் நாளே போன்ல வந்துரும்."

"பாஸ் ஆயிருமா?"

"ஆகாம எங்க போவும்?"

அவர் அந்த இடத்தின் பேரைச் சொன்னார். ஜெசிந்தா கேள்விப்படாதவள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் அந்தப் பேர் அவள் வீட்டுப் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் தங்க எழுத்தில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் போனதே அங்கேதான். ஒரு லாட்ஜின் சின்ன ஹால், மின்விசிறி கரகரவென்று சுற்றும், பாடம் எடுத்தவர் திரையில் படங்களை ஓட்டிக்கொண்டே வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார், சாயங்காலம் நாலு மணிக்கு எண்பது கேள்வி, எண்பது பதில், ஜெராக்ஸ் தாள் கைக்கு வந்தது. அவள் பேருந்திலேயே மனப்பாடம் செய்துவிட்டாள், முப்பத்து ஏழுக்கு பி, முப்பத்து எட்டுக்கு டி, கேள்வியைப் படிக்காமலே பதிலைப் படித்தாள், சாமர்த்தியம். செய்முறைப் பரீட்சையில் ஆளுக்கொரு தகடு, தகட்டில் விரிசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், மேற்பார்வை பார்த்தவர் மேசைக்கு மேசை நடந்து வந்து பேனா முனையால் தகட்டை ஒரு இடத்தில் தொட்டுவிட்டுப் போனார், தொட்ட இடத்தில் இவள் விரிசல் என்று எழுதினாள். ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியதா? தோன்றியது, ஆனால் அந்த வருஷம் பட்டறையில் பெண்ணுக்கு அந்த நாற்காலியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஏழு ஆண்பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள், நாற்காலி முதலில், பாடம் அப்புறம், பாடம் எங்கே போகிறது, வேலை கற்றுக்கொடுக்கும். வேலை கற்றுக்கொடுத்தது. பழைய சோதனைக்காரர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு வாரம் கூட நின்று காட்டிக்கொடுத்தார், நல்லா கழுவணும்மா, ஒரு சொட்டு சிவப்பு தங்கக் கூடாது, தங்குச்சின்னா வெள்ளை அடிக்கும்போது எல்லாம் ரோஸாயிடும், எது விரிசல் எது அழுக்குன்னு தெரியாது என்று. பெண் பிள்ளைக்குக் கழுவச் சொல்லித் தர வேண்டுமா? அவள் கழுவுகிற மாதிரி அந்தப் பட்டறையில் எவனும் கழுவ மாட்டான். டப்பாவை நேராகப் பிடித்து கிளீனரைச் சீறவிட்டால் மை கரைந்து ஓடி வெல்டிங் பளிச்சென்று நிற்கும்.

ஐந்து நிமிடம் பாக்கி. ஒரே நாள். கேள்வியெல்லாம் போனில். பெரியநாயகம் சொன்னதை நினைக்கும்போது நாக்கில் கொஞ்சம் எச்சில் ஊறத்தான் செய்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த முறை அவள் அங்கே போகவில்லை, இங்கே வந்தாள், ஏன் வந்தாள்? மண்ணச்சநல்லூர் ஹெட்டர்தான் காரணமா? அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். அரிசி ஆலை ஒன்றின் கொழுத்த இரும்புக் குழாய், ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன், பாய்லரிலிருந்து வருகிற நீராவியை வாங்கி நெல் அவிக்கிற தொட்டிகளுக்குப் பிரித்துவிடும். ஒரு மூட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று கழற்றிக் கொண்டுவந்தார்கள், பட்டறையில் வெட்டிப் புதிதாக வெல்டு வைத்தார்கள், போன செவ்வாய்க்கிழமை இவள் சோதித்தாள், கழுவினாள், வெள்ளை அடித்தாள், வெளுத்த வேட்டி மாதிரி நின்றது, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாளைக் காலையில் நீராவி திறக்கிறார்கள். மாட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது ஆலைச் சூப்பர்வைசர் கலியமூர்த்தி நாற்காலி போட்டு மோர் கொடுத்தார், மேடம் பாத்துட்டாங்கன்னா எனக்குத் தூக்கம் வரும் என்றார். ஹெட்டருக்கு நேர் கீழேதான் ஐந்து பெண்கள் நெல்லைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ஒருத்தி இவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு இப்போது? வெல்டு வைத்தவன் சாதாரண ஆளில்லை, பழனிவேல், கை நடுங்காதவன். அவன் வெல்டில் இவள் ஒரு நாளும் குறை கண்டதில்லை. மற்றவர்கள் வெல்டில்? மற்றவர்கள் வெல்டிலும் இல்லை. ஐந்து வருடத்தில் இந்தச் சிவப்பு மையில் எத்தனை விரிசல் பிடித்தோம் என்று மனம் சும்மா எண்ணப் பார்த்தது, விரலை மடக்கப் பார்த்தது, மடக்க ஒரு விரலும் வரவில்லை. ஒன்றாவது இருந்திருக்குமே. அந்தக் கரும்பாலைத் தொட்டியில்? இல்லை, அது கண்ணுக்கே தெரிந்த ஓட்டை. எல்லோரும் நல்ல வெல்டர்கள், அதில் என்ன அதிசயம், நல்ல பட்டறையில் நல்ல வெல்டர்கள்தான் இருப்பார்கள். எல்லோருமா? நுரையோடு ஊற்றுகிறவனை மூன்று தடவைக்கு ஒரு தடவை பிடித்த கண், ஐந்து வருடத்தில் ஒரு விரிசலைக்கூடப் பார்க்கவில்லை என்றால். ஜெசிந்தா அந்த இடத்தில் நினைப்பை நிறுத்திவிட்டு டயர் கடைச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினாள். யாரோ பஞ்சரானவன் கீழே விலை பேசிக்கொண்டிருந்தான்.

போன் கூவியது. ரிஸ்வானா சாக்பீஸ் எடுத்துத் தகட்டின் குறுக்கே நடுவில் ஒரு கோடு போட்டாள். இதுவும் ஒரு வித்தையா என்று ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது பாதியைப் பனியன் வேஸ்ட் துணியால் காய்ந்தபடியே துடைத்தாள் ரிஸ்வானா, பிறகு வேறு துணியில் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, ஈரம் பட்டும் படாமலும் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். வலது பாதிக்கு ஒரு அட்டையை மறைப்பாக வைத்துக்கொண்டு கிளீனர் டப்பாவை நேராகப் பிடித்துச் சீறவிட்டாள். சிவப்பு கரைந்து ஓடியது. வலது பக்கம் கண்ணாடி மாதிரி ஆனது, இடது பக்கம் அங்கங்கே இளஞ்சிவப்பாக ஒரு மங்கல் தங்கிவிட்டது. ஜெசிந்தாவுக்கு உள்ளுக்குள் வெற்றி. இதோ, பிடித்துவிட்டோம், இடது பக்கத்தை ஒழுங்காகக் கழுவக்கூடத் தெரியவில்லை, இதற்கு ஐந்து நாள் பாடம் வேறு. பெரியநாயகத்திடம் கண்ணைக் காட்டினாள். அவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ரிஸ்வானா வெள்ளையை மெல்லிசாக அடித்துவிட்டு மறுபடியும் போனில் பத்து நிமிடம் குறித்தாள், ஆனால் இந்த முறை பத்து நிமிடம் தேவைப்படவில்லை. ஒரு நிமிடத்துக்குள் இடது பாதியில் ஒரு சிவப்பு நூல் கிளம்பியது. முதலில் மயிரிழை, அப்புறம் பென்சில் கோடு, வளைந்து வளைந்து சாக்பீஸ் கோடுவரைக்கும் வந்து அங்கே வெட்டினாற்போல நின்றது. வலது பக்கம் வெறும் வெள்ளை.

"இந்த விரிசல் எதுவரைக்கும் இருக்கு?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

பாதிவரைக்கும் என்று நாலைந்து குரல்.

"முழுசுக்கும் இருக்கு. இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம். வலது பக்கம் கிளீனரை நேரா அடிச்சேன்ல, அது மேல இருக்கிற மையை மட்டும் கழுவல, விரிசலுக்குள்ள போன மையையும் சேத்துக் கழுவிட்டுப் போயிருச்சு. அப்புறம் வெள்ளை அடிச்சா கசியறதுக்கு உள்ள என்ன இருக்கு? துணியிலதான் அடிக்கணும், தகட்டுல அடிக்கவே கூடாது. பட்டறையில நெறைய பேரு நேராதான் அடிக்கறாங்க, சுத்தமா இருக்குன்னு."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளா ஜெசிந்தா? காது இரண்டும் சூடாகிவிட்டன, ஆனால் மூளை வழக்கம்போல ஓடியது, இது ஏற்பாடு, பாதி விரிசல் உள்ள தகட்டைத் தேடிப்பிடித்துச் செய்து வைத்திருக்கிறாள், விரிசல் நிற்கிற இடம் பார்த்துச் சாக்பீஸ் கோடு போட்டாள், கூட்டத்தை வாய்பிளக்க வைத்துக் கீழே போனதும் ரசீது போட வைக்கிற வேலை. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது, அவள் வாழ்க்கையில் இதற்கு முன் யாராவது ஏமாற்றுக்காரியாக இருக்க வேண்டும் என்று இப்படி ஆசைப்பட்டதே இல்லை.

"ஏம்மா, அந்தத் தகட்டுல விரிசலே பாதிதான்னா?" என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

ரிஸ்வானாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சந்தேகம்னா நீங்களே செஞ்சு பாருங்கக்கா. அலமாரியில பதினாலு தகடு இருக்கு, உங்களுக்குப் புடிச்சதை எடுங்க. எந்தப் பக்கம் எப்படின்னும் நீங்களே வச்சுக்கங்க."

ஜெசிந்தா போனாள். கண்ணில் பட்ட முதல் தகட்டை விட்டுவிட்டாள், நடுவில் இருந்ததை விட்டுவிட்டாள், அடியில் கிடந்த ஒன்றை உருவினாள். சுத்தம் செய்து காயவைத்து மை அடித்தாள். பத்து நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்றாள், வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்று. அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு நினைப்பே ஓடவில்லை, அல்லது ஒரே நினைப்புதான் ஓடியது, செவ்வாய்க்கிழமை டப்பாவை எப்படிப் பிடித்தோம், எவ்வளவு கிட்டே பிடித்தோம், எத்தனை தடவை அடித்தோம், மூன்று தடவை, நாலாவது தடவையும் அடித்தோமே, பழனிவேல்கூடப் போதும் மேடம், டப்பாவே தீந்துரும் என்றானே. இப்போது தகட்டின் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, வலது பக்கத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு இடது பக்கத்தைச் சீறி அடித்துக் கழுவினாள், தன் வழியில், நாலு தடவை. வலது பக்கத்தை அந்தப் பெண் செய்த மாதிரி துணியால் ஒற்றினாள். கை பழகாத வேலையில் தடுமாறியது. வெள்ளையை அடித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வலது பக்கம் சிவந்தது. ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடு, குறுக்கே போய் நடுக்கோட்டில் மூன்றும் நின்றன. இடது பக்கம், ஐந்து வருடமாக அவள் கையெழுத்துப் போட்டுவந்த வெள்ளை, ஒரு பொட்டுகூட இல்லாத வெள்ளை. தகட்டைத் தூக்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், இடது விளிம்பில் மூன்று இடத்தில் நகம் இடறியது. விரிசல் அங்கேயும் இருந்தது. சந்தேகப்பட இனி அந்த அறையில் ஒருத்திதான் மிச்சம்.

"நீங்க எங்கக்கா வேலை பாக்கறீங்க?" என்று ரிஸ்வானா மெதுவாகக் கேட்டாள். ஜெசிந்தா தகட்டை மேசை மேல் வைத்தாள். முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே பெரியநாயகம், நம்பர் தரவா, அடுத்த ஞாயித்துக்கிழமையே வச்சிருக்கான் என்றார். கீழே அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன், மேடம் சேர்றீங்களா, ஃபாரம் தரட்டுமா என்றான். சேர்கிறேன் என்றாளா, அப்புறம் என்றாளா, அவளுக்கே நினைவில்லை. டயர் கடை வாசலில் நின்று போனில் கலியமூர்த்தியின் எண்ணைத் தேடும்போது மனம் கடைசியாக ஒரு தடவை வாலாட்டியது. முதலில் மேனேஜரிடம் சொல், அவர் முடிவு செய்யட்டும், அவர் யோசித்துச் செய்வார். அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும், நாளைக்கு ஓடட்டும், அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கலாம் என்பார். வேலை போகும். செவ்வாய்க்கிழமைத் தாள் மட்டுமில்லை, ஐந்து வருடத் தாளையும் எடுத்துப் பார்ப்பார்கள், கரும்பாலை, பால் பண்ணை, அந்தச் சின்ன பாய்லர்கள், ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும், சொல்கிற இடத்திலெல்லாம் காறித்துப்புவார்கள். போன் மணி அந்தப் பக்கம் நாலு தடவை அடித்தது, எடுக்காமல் போனால் நல்லது என்று ஒரு மனசு, எடுத்துத் தொலையேன் என்று ஒரு மனசு. எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம்! என்ன, ஞாயித்துக்கெழமையில?"

"அண்ணே, நாளைக்கு ஸ்டீம் திறக்காதீங்க. அந்த ஹெட்டரைக் கழட்டணும். யாரும் அதுங்கீழ நிக்க வேண்டாம்."

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? நீங்கதானே பாத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தீங்க."

"ஆமாண்ணே. நான்தான்."

"ஆள் எல்லாம் வரச் சொல்லியாச்சு, நெல்லு ஊறிக்கிட்டிருக்கு. ஓனர்ட்ட என்ன காரணம்னு சொல்றது?"

காற்றடிக்கிற இயந்திரம் பக்கத்தில் உறுமியது. ஜெசிந்தா அது நிற்கும்வரை காத்திருந்தாள், ஒரு தடவைதான் சொல்ல முடியும் என்று தெரிந்ததால்.

"பாத்தவளுக்குப் பாக்கத் தெரியலன்னு சொல்லுங்க."